உக்காந்துட்டார்

என் மாமனார் இதுவரை விழுந்ததே இல்லை. உட்கார்ந்திருக்கிறார். குளியலறையில் உட்கார்ந்திருக்கிறார், கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருக்கிறார், ஒருமுறை வாசலில் செருப்பு மாட்டும்போது உட்கார்ந்து முழங்கைத் தோல் உரிந்து ரத்தம் கொட்டியிருக்கிறது. "என்ன மாமா, விழுந்துட்டீங்களா?" என்று பதறிக்கொண்டு ஓடினால், "விழறதாவது? உக்காந்தேன். கொஞ்சம் வேகமா உக்காந்துட்டேன், அவ்வளவுதான்" என்பார். பஞ்சில் மருந்தை நனைத்து நான் தடவும்போது பல்லைக் கடித்துக்கொள்வார். அப்போதும் வாயில் வேறு சொல் வராது.

அது அவருடைய தொழிலில் இருந்து ஒட்டிக்கொண்டு வந்த சொல். லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். லிஃப்ட் வேலை பார்க்கிறவர்கள் 'விழுந்தது' என்று வாய் தவறிக்கூடச் சொல்ல மாட்டார்களாம். பெட்டி தறிகெட்டு இறங்கி அடித்தளத்தில் போய் முட்டி நின்றாலும் 'உக்காந்துடுச்சு'தான். பேட்டரி உட்காருகிற மாதிரி, ஓடாத கடை உட்காருகிற மாதிரி. "விழுந்துச்சுன்னு ஒரு வார்த்தை வெளிய போச்சுன்னா, அந்தக் கட்டடத்துல ஒருத்தனும் ஏற மாட்டாம்மா. எல்லாரும் படியில போவான். அப்புறம் எனக்கு அங்க என்ன வேலை?" என்பார்.

இப்படி ஊராரை ஏற்றி இறக்கியே காலம் கழித்தவர், தனக்கு வீடு வாங்கியது மட்டும் தரைத்தளத்தில். ஒரு அறை, ஒரு சமையலறை, இரண்டுக்கும் நடுவே குளியலறைக்குப் போகும் ஒடுக்கமான நடை. மாடியில் காற்று வருமே, ஏன் வாங்கவில்லை என்று கல்யாணமான புதிதில் கேட்டேன். "லிஃப்டை நம்ப முடியாதும்மா" என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. இந்த மனிதரோடு காலம் தள்ளிவிடலாம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

நாங்கள் இருப்பது பக்கத்துத் தெருவில், மூன்றாவது மாடியில். அங்கே லிஃப்ட் கிடையாது. அதனால் மாமாவை எங்களோடு கூட்டி வந்து வைத்துக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. லிஃப்ட் இருந்திருந்தாலும் வந்திருக்க மாட்டார். "என் வீட்டுல நான் எப்ப எழுந்திருக்கணும், எப்ப ரேடியோ போடணும், எப்ப கதவைச் சாத்தணும்னு நானே முடிவு பண்றேன். அது ஒண்ணுதாம்மா எனக்கு மிச்சம் இருக்கு" என்று ஒருநாள் சொன்னார். அவர் அப்படி வெளிப்படையாகப் பேசுகிற ஆள் இல்லை. அதனால் அந்தப் பேச்சு எனக்குள் அப்படியே தங்கிவிட்டது.

என் கணவர் கப்பலில் சமையல்காரர். கப்பல் முழுக்கச் சமைத்துப் போடுகிறவர், வீட்டுக்கு வந்தால் தண்ணீர்கூட மொண்டு குடிக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அப்பா வீட்டுக்கு போன் செய்வார், அந்நேரம் நானும் அங்கேதான் இருப்பேன் என்று தெரியும். அப்பா எப்படி இருக்கார் என்பார். நான் சொல்லச் சொல்ல உம் கொட்டுவார். கடைசியில் "சரி, பாத்துக்கோ" என்பார். எங்கள் குடும்பத்தின் மொத்த ஏற்பாடும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். பாத்துக்கோ. நானும் பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

அவருக்கு ஒரு அக்கா இருக்கிறார். என் நாத்தனார். நான் அண்ணி என்று கூப்பிடுவேன். பஸ்ஸில் அரை நாள் தூரத்தில் கணக்கு டீச்சர். எதைச் சொன்னாலும் விடைத்தாள் திருத்துகிற மாதிரிதான் கேட்பார். கெட்டவர் இல்லை. பயந்தவர். என் மாமியார் இதே வீட்டுக் குளியலறையில்தான் வழுக்கி விழுந்தார். தூக்கிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சர் திரும்பி வந்தது, மாமியார் வரவில்லை. காரியமெல்லாம் முடிந்து ஊருக்குக் கிளம்பும்போது அண்ணி என்னைச் சமையலறைக்குள் கூப்பிட்டுச் சொன்னார்.

"எங்க ஸ்கூலுக்கு எதிர்லயே ஒரு முதியோர் இல்லம் இருக்கு. சுத்தமா இருக்கு, நானே உள்ள போய்ப் பாத்துட்டேன். என் வீட்டுல என் மாமியாரே படுத்த படுக்கையா இருக்காங்க, இடமில்ல. அப்பா ஒரு தடவை விழுந்தார்னு என் காதுல விழுந்துச்சுன்னா, அன்னைக்கே வந்து கூட்டிட்டுப் போயிடுவேன். மறைக்க மாட்டியே?"

"மாட்டேன் அண்ணி" என்றேன்.

மாமா அறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். காது மந்தம் என்று பெயர்தான். தனக்கு வேண்டியது எல்லாம் கேட்கும். அடுத்த மாதமே குளியலறையில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் அண்ணி போன் செய்து "அப்பா விழுந்தாரா?" என்று கேட்டால், நான் "விழலையே" என்பேன். பொய் இல்லை பாருங்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனாலும் பூசணிக்காய்க்கு வேறு பெயர் வைத்துவிட்டால் மனசாட்சி கொஞ்சம் சும்மா இருக்கிறது. எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது. காலையில் கதவைத் திறந்ததும், "என்ன மாமா, ராத்திரி எங்கேயாவது உக்காந்தீங்களா?" என்பேன். "இல்லம்மா, பெட்டி ஓடிட்டு இருக்கு" என்பார்.

சும்மா ஒன்றும் இருந்துவிடவில்லை. எனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தேன். கால் தடுக்குகிற விரிப்புகளைச் சுருட்டி எடுத்தேன். குளியலறைத் தரையில் சொரசொரப்பான பட்டை ஒட்டினேன். நாற்காலிக் கால்களுக்கு அடியில் மரக்கட்டை வைத்து உயர்த்தினேன், எழுந்திருக்கச் சுலபமாக இருக்கட்டும் என்று. மேல் தட்டில் இருந்த பாத்திரம், மருந்து, டார்ச் லைட் எல்லாவற்றையும் கைக்கு எட்டுகிற உயரத்துக்கு இறக்கினேன். ஒவ்வொன்றுக்கும் ஒரு சண்டை. நாற்காலியை உயர்த்திய அன்று, "என்னம்மா, என்னை ஜட்ஜ் ஆக்கிட்டியா?" என்றார். சாப்பிடும்போதாவது அதில் உட்காருங்கள் என்று தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். கேட்க மாட்டார். வேலைக் காலத்தில் நின்றபடியே அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடிய பழக்கம். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கும் கதவுக்கும் நடந்தபடிதான் சாப்பிடுவார். தலை சுற்றல் வருவதே சாப்பிடும் நேரத்தில்தான் என்று சொன்னால் அவர் காது உடனே மந்தமாகிவிடும்.

சுகாதார நிலையத்தில் இருந்து மாதம் ஒருமுறை நர்ஸ் ஒருவர் வருவார். ரத்த அழுத்தம் பார்ப்பார், மாத்திரை டப்பாவைக் குலுக்கிப் பார்ப்பார். ஒருநாள் நடையைப் பார்த்துவிட்டு, "இங்க சுவத்துல ரெண்டு பக்கமும் கைப்பிடி வேணுமே" என்றார். எனக்குக் கோயில் மணி அடித்த மாதிரி இருந்தது.

"போட்டுத் தருவீங்களா சிஸ்டர்?"

"விழறவங்களுக்கு நாங்களே ஆள் அனுப்பிப் போட்டுத் தருவோம். தினம் வந்து பாத்துக்கவும் ஆள் வரும். ஐயா விழுந்திருக்காரா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் மாமாவைப் பார்த்தேன்.

"விழுந்ததே இல்ல" என்றார் மாமா.

"ரொம்ப சந்தோஷம். அப்ப ஒண்ணும் தேவைப்படாது" என்று நர்ஸ் பையை மூடினார். விழுந்தார் என்று சொன்னால் வீடு போகும். விழவில்லை என்றால் கைப்பிடி போகும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி.

நான் சலவைக் கடையில் இஸ்திரி போடுகிறவள். நாள் முழுக்க நின்றபடி வேலை. விடிந்ததும் மாமா வீடு, அங்கிருந்து கடை, கடை முடிந்து மாமா வீடு, அதற்கப்புறம் மூன்று மாடி ஏறி என் வீடு. கால் இரண்டும் சாயங்காலத்தில் செருப்புக்குள் அடங்காமல் வீங்கிவிடும். பஸ்ஸுக்கு நிற்கும்போது நின்றபடியே தூங்கப் பழகிக்கொண்டேன். யாராவது "எப்படி இருக்க?" என்று கேட்டால் "இருக்கேன்" என்று சொல்வேன். அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்வதற்கும் தெம்பு வேண்டும். சில நாட்களில், அண்ணி வந்து இவரைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் என்ன என்று தோன்றும். தோன்றியதும் என் மேலேயே எரிச்சல் வரும். எரிச்சல் படுவதற்கும் தெம்பில்லாமல் அப்படியே தூங்கிப்போவேன்.

கடைசியில் கடையில் என்னோடு வேலை பார்க்கிறவள்தான் தன் சித்தி மகளை அனுப்பினாள், காலையில் இருந்து மதியம் வரை மாமாவோடு இருக்க. நல்ல பெண்பிள்ளை, என்னைவிடக் கொஞ்சம் இளையவள். எதைச் சொன்னாலும் "சரிக்கா" என்பாள். அவள் பெயரே சரிக்கா என்று ஆகிவிட்டது. சொன்னால் சொன்னதுதான். கூடவும் செய்ய மாட்டாள், குறைக்கவும் மாட்டாள். துணியை வெயிலில் போடு என்று சொல்லிவிட்டுப் போன அன்று மழை வந்திருக்கிறது. துணி வெளியேதான் இருந்தது. எடு என்று நான் சொல்லவில்லையே.

அவள் வந்த முதல் நாளே மாமா அவளை எதிரில் நிற்க வைத்துப் பாடம் எடுத்தார்.

"இந்த வீட்டுக்குன்னு ஒரு பேச்சு உண்டு, தெரிஞ்சுக்கோ. இங்க யாரும் விழ மாட்டாங்க. நான் கீழ கிடந்தாலும், ஐயா உக்காந்துட்டார்னுதான் சொல்லணும். யார் போன் பண்ணிக் கேட்டாலும் அதான். விளங்குச்சா?"

"சரிங்கய்யா."

நான் சமையலறையில் நின்று கேட்டுச் சிரித்தேன். நர்ஸ் சொல்லிக் கொடுத்த ஒன்றையும் என் பங்குக்குச் சொல்லி வைத்தேன். "அப்படி ஏதாவது ஆச்சுன்னா, நீயா அக்குள்ல கை குடுத்துத் தூக்கிடாத. எலும்பு ஏதாவது ஆகியிருந்தா இன்னும் கெட்டுப்போயிடும். முதல்ல எனக்கு போன் பண்ணு." அதற்கும் "சரிக்கா" என்றாள்.

அந்த வாரத்திலேயே ஒருநாள் காலையில் மாமாவுக்கும் எனக்கும் வழக்கமான சண்டை. ரொட்டித் தட்டோடு நடையில் உலாத்திக்கொண்டிருந்தார். "உக்காந்து சாப்பிடுங்க மாமா" என்றேன். "உக்காந்தா இறங்காது" என்றார். எனக்குக் கடைக்கு நேரமாகிவிட்டது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே சரிக்காவிடம், "எப்படியாவது இவரை உக்கார வச்சுச் சாப்பிட வை. உன் சாமர்த்தியம்" என்று சொல்லிவிட்டு ஓடினேன்.

கடையில் அன்று ஒரு விடுதியின் போர்வை, படுக்கை விரிப்பு எல்லாம் மொத்தமாக வந்து இறங்கியிருந்தது. பெரிய டிரம் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நிற்கிறவள் பேசுவதே வாயசைவில்தான் தெரியும். அந்தச் சத்தத்தில் போன் அடித்தது. ஒரு காதைக் கையால் பொத்திக்கொண்டு எடுத்தேன்.

"அக்கா, ஐயா உக்காந்துட்டார்க்கா."

எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். நான் மாதக்கணக்கில் கத்திக் கிடைக்காதது, இவளுக்கு ஒரு வாரத்தில் கிடைத்துவிட்டதே என்று இருந்தது.

"நல்லதாப் போச்சு. உக்காரட்டும்."

"அப்படியே உக்காரட்டுமாக்கா?"

"அப்படியே உக்காரட்டும். நீ எழுப்பாத. எழுந்துட்டார்னா திரும்ப உக்கார மாட்டார். சாப்பாடு குடு, ரேடியோ போட்டு விடு. நான் மதியச் சாப்பாட்டு நேரத்துல வரேன்."

"ம்..." என்று இழுத்தாள். அப்புறம், "சரிக்கா" என்றாள்.

போனை வைத்துவிட்டு இஸ்திரிப் பெட்டியை எடுத்தேன். பாட்டுக்கூட ஒன்று வாயில் வந்தது.

மதியம் கதவைத் திறந்தபோது ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. நாற்காலியில் மாமா இல்லை. கட்டிலில் இல்லை. நடையில், சமையலறைச் சுவரில் சாய்ந்தபடி தரையில் இருந்தார். முதுகுக்கு ஒரு தலையணை. ஒரு கால் நீட்டியிருந்தது, இன்னொன்று கோணலாக மடிந்திருந்தது. மடியில் துண்டு விரித்து, பக்கத்தில் காலித் தட்டு, டம்ளர், இன்னொரு பக்கம் வாளி. எதிர்ச் சுவரில் சாய்ந்து சரிக்கா உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தாள்.

"ஐயோ மாமா, என்ன ஆச்சு? எப்ப ஆச்சு?"

"அப்ப சொன்னேனேக்கா, போன்ல" என்றாள் சரிக்கா. "ஐயா உக்காந்துட்டார்னு சொன்னேன். நீங்கதான் உக்காரட்டும், எழுப்பாதன்னு சொன்னீங்க."

யாரைத் திட்டுவது? அவள் எங்கள் வீட்டுப் பேச்சை எழுத்துக்கு எழுத்து பேசியிருக்கிறாள். எங்கள் வீட்டுப் பேச்சு மறந்துபோனது எனக்குத்தான்.

"மாமா, நீங்களாவது சொல்லக்கூடாதா? போனை வாங்கி ஒரு சத்தம் போட்டிருக்கக்கூடாதா?"

அந்த வீட்டுப் போனில் எப்போதும் ஸ்பீக்கர்தான் போட்டிருக்கும், அவர் காதுக்காக. நான் சொன்னது எல்லாம் நடை முழுக்கக் கேட்டிருக்கிறது. அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. துண்டின் ஓரத்தை நீவிக்கொண்டே பேசினார்.

"உனக்கு வெறுத்துப் போச்சுன்னு நினைச்சேம்மா. எத்தனை நாளைக்குத்தான் ஒருத்தி ஓடுவா. கிடக்கட்டும்னு நீ விட்டுட்டன்னு நினைச்சேன். நியாயம்தானேன்னு நானும் பேசாம உக்காந்துட்டேன்."

தரையில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். "அப்படி இல்ல மாமா, அப்படி இல்ல" என்று மட்டும் வந்தது. மற்றது எல்லாம் அழுகையாகத்தான் வந்தது. இத்தனை நேரம் அந்த மனிதர் நான் கைவிட்டுவிட்டேன் என்று நம்பி, அதையும் நியாயம் என்று ஒத்துக்கொண்டு, நான் கொடுக்கச் சொன்ன ரொட்டியைத் தின்றுவிட்டு, நான் போடச் சொன்ன ரேடியோவைக் கேட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்.

நர்ஸைக் கூப்பிட்டேன். நல்ல வேளையாகப் பக்கத்துத் தெருவில் இருந்தார். வந்து காலை மெல்ல நீட்டி மடக்கிப் பார்த்தார், இடுப்பை அமுக்கிப் பார்த்தார். எலும்புக்கு ஒன்றும் இல்லை போலத்தான் இருக்கிறது, எதற்கும் நாளைக்கு எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். ஒரு நாற்காலியைப் பக்கத்தில் போட்டு, மாமாவைப் பக்கவாட்டில் திருப்பி, முட்டி போட வைத்து எழுப்பினோம். "மெதுவா, மெதுவா, பிரேக் விட்டுடாதீங்க" என்று மாமாவே எங்களுக்கு உத்தரவு போட்டார். கட்டிலில் சாய்த்ததும் நர்ஸ் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"விழுந்ததே இல்லைன்னு சொன்னீங்களே?"

நான் வாளியை எடுத்து ஓரமாக வைத்தேன். "நாளைக்கு வரேன். யோசிச்சு வைங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

தலைவலி அதோடு தீரவில்லை. சாயங்காலம் வாசலில் ஆட்டோ நின்றது. அண்ணி இறங்கினார், கையில் பெரிய பை ஒன்று, காலியாக. பள்ளிக்கூடத்தில் இருந்து நேராக பஸ் ஏறியிருக்கிறார், கைவிரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை.

"காலையில இடைவேளையில போன் பண்ணினேன். அந்தப் பொண்ணு எடுத்துச்சு. ஐயா உக்காந்துட்டார்னு சொல்லுச்சு" என்றார். "நான் யார் வீட்டுப் பொண்ணு? லிஃப்ட்காரர் வீட்டுப் பொண்ணு. உக்காந்துடுச்சுன்னா என்னன்னு எனக்குத் தெரியாதா?"

எனக்குப் புரியாதது, அரை நாள் தூரத்தில் இருந்தவருக்கு ஒரே சொல்லில் புரிந்திருக்கிறது. மருமகள் எத்தனை வருஷம் இருந்தாலும் மகள் மகள்தான் போலிருக்கிறது.

அண்ணி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அப்பாவின் இடுப்பைப் பார்த்தார். கன்றிப்போய்க் கறுத்துக் கிடந்தது. பையைத் திறந்து கட்டில் மேல் வைத்தார்.

"அம்மாவையும் இப்படித்தான் விட்டோம். நாளைக்குப் படம் எடுத்துட்டு, கிளம்பலாம்ப்பா."

மாமா ஜன்னல் பக்கம் பார்த்தார். அப்புறம் அறையை ஒவ்வொன்றாகப் பார்த்தார்: ரேடியோ, கட்டிலுக்கு அடியில் இருக்கும் டூல்ஸ் பெட்டி, மரக்கட்டை மேல் நிற்கும் நாற்காலி, கதவுத் தாழ்ப்பாள். கடைசியில் என்னைப் பார்த்தார். என்னம்மா சொல்ற என்று கேட்கிற பார்வை அது. அவர் வீட்டை நான் ஒருத்தி வாய் திறந்தால் காப்பாற்றலாம். இருக்கட்டும் அண்ணி, நான் பார்த்துக்கிறேன் என்று சொன்னால் போதும். எத்தனையோ தடவை சொன்ன பேச்சுதான்.

எனக்கு அது வரவில்லை. பார்த்துக்கொள்ள என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"சட்டையெல்லாம் எங்க இருக்கு?" என்றார் அண்ணி.

"நான் எடுக்கிறேன்" என்று அலமாரிப் பக்கம் போனேன். மடித்து வைத்திருந்த சட்டைகளை, எல்லாம் நான் இஸ்திரி போட்டவைதான், இரண்டு கையாலும் எடுத்தேன். திரும்பினேன். கால் இருக்கிற இடம் தெரியவில்லை. அலமாரிக் கதவோடு சரிந்து, சட்டைகளோடு தரையில் இருந்தேன்.

அண்ணி ஓடி வந்தார். "என்னடி, என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல அண்ணி" என்றேன். "உக்காந்துட்டேன்."

"இல்ல" என்றார் மாமா.

கட்டிலில் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்திருந்தார். வலியில் முகம் கோணியது.

"உக்காரல. விழுந்துட்டா" என்றார். "அவ விழுந்து ரொம்ப நாளாச்சு. அவளும் சொல்லல, நானும் கேக்கல. உக்காந்திருக்கா, உக்காந்திருக்கான்னு நானா நினைச்சுக்கிட்டேன்."

ஒருவர் விழுந்ததாக அந்த வாய் ஒத்துக்கொண்டு நாங்கள் யாரும் கேட்டதில்லை. மாமியார் போனபோதுகூட, "குளிக்கப் போன இடத்துல உக்காந்துட்டா" என்றுதான் வந்தவர்களிடம் எல்லாம் சொன்னார். அண்ணிக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். என்னைத் தாங்கியபடியே அப்பாவைத் திரும்பிப் பார்த்தார்.

"நானும் விழுந்தேன்" என்றார் மாமா. "இன்னைக்கு விழுந்தேன். குளியலறையில விழுந்தேன், வாசல்ல விழுந்தேன். இவளுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு விழுந்திருக்கேன். விழுந்தவங்களுக்குக் கைப்பிடி தருவேன், ஆள் தருவேன்னு அந்த நர்ஸம்மா சொல்லுச்சு. எங்க ரெண்டு பேருக்குமா சேத்து வாங்கிக் குடு. அப்படியும் முடியலைன்னா நானே உன்கூட வரேன். இவ தலையில இனிமே வைக்காத."

அண்ணி என் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். சிதறிக் கிடந்த சட்டை ஒன்றை எடுத்து மடித்தார். மறுபடியும் பிரித்து மடித்தார். கணக்கு டீச்சருக்குக் கணக்கு வரவில்லை.

"லீவு இருக்கு எனக்கு" என்றார் கடைசியில். "எடுக்காம வச்சிருந்தேன். எதுக்குன்னு தெரியாமலே வச்சிருந்தேன்." பிறகு என் காலைப் பார்த்தார். "ஏண்டி, கால் இப்படி வீங்கியிருக்கு, ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"கேட்டீங்கன்னா சொல்லியிருப்பேன் அண்ணி. அப்பா விழுந்தாரான்னுதானே கேப்பீங்க."

அவர் எழுந்து காலிப் பையை மடித்து அலமாரிக்கு மேல் எறிந்தார். மாமாவுக்கு எட்டாத உயரம் அது.

மறுநாள் படம் எடுத்தோம், எலும்பு தப்பித்தது. நர்ஸ் வந்து கேட்டபோது அண்ணி, நான், சரிக்கா மூன்று பேரும் விழுந்தார் என்று சொன்னோம், சரிக்கா மட்டும் மாமாவின் முகத்தைப் பார்த்து உத்தரவு வாங்கிக்கொண்டு சொன்னாள். கைப்பிடி போட அந்த வாரமே ஆள் வந்து சுவரை அளந்துவிட்டுப் போனான். அவன் போனதும் மாமா அளவு தப்பு என்று சொல்லிக்கொண்டிருந்தார். இதெல்லாம் எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று எனக்குத் தெரியாது. அண்ணியின் லீவு முடியும், மாமாவுக்கு வயது குறையப் போவதில்லை. தெரிந்தே எல்லோரும் ஒரு மூச்சு விட்டுக்கொண்டோம்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நான் மாமாவின் கட்டிலில் படுத்திருந்தேன். அண்ணி என்னைப் பிடித்துத் தள்ளிப் படுக்க வைத்திருந்தார். மாமா உயர்த்திய நாற்காலியில், ஜட்ஜ் மாதிரி, உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் அடித்தது. நான் எழுந்திருக்கப் பார்த்தேன். மாமா கையை நீட்டி என்னைப் படு என்று சைகை காட்டிவிட்டு அவரே எடுத்தார்.

ஸ்பீக்கரில் என் கணவரின் குரல், பின்னால் கப்பல் இயந்திரத்தின் இரைச்சல். "அப்பா, எப்படி இருக்கீங்க? அவ எங்க? குடுங்க."

"இங்கதான் இருக்கா. குடுக்க முடியாது" என்றார் மாமா.

"ஏன், என்ன பண்றா? உக்காந்திருக்காளா?"

"இல்லடா. விழுந்துட்டா."

"என்னப்பா சொல்றீங்க?" என்றது அந்தக் குரல், சின்னதாக.

மாமா தட்டைக் கீழே வைத்தார். வாயைத் துடைத்துக்கொண்டார்.

"விழுந்துட்டான்னு சொல்றேன். நீ வந்து பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு போனை வைத்தார்.